நான் எழுதிய கடிதங்கள்

ஒருவர் வாழ்நாள் முழுதும் விரும்பிச் செய்யும் செயல் எங்கே தொடங்கிற்று என்று தேடிச் சென்றால், அத்தேடல் பள்ளிக்கூடத்தில் சென்று முடிவது அரிது. ஒரு திண்ணையிலோ, ஓர் அடுப்படியிலோ, ஊர்ப்புறத்து மணல்வெளியிலோ சென்று நிற்கும். எனக்கு மூன்று விருப்பங்கள் உண்டு. எழுதுவது ஒன்று, சமைப்பது மற்றொன்று, திரைப்படம் பார்ப்பது மூன்றாவது. எழுபது வயதைக் கடந்த பின்னும் இம்மூன்றும் என்னைவிட்டு நீங்கவில்லை. இவை தனித்தனியே என்னை வந்தடைந்தவை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறு. எனக்குப் பதினொரு வயது நடந்த 1964ஆம் ஆண்டில், ஒரே தெருவில், இவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அந்தப் பின்னலில் என் பிழை ஒன்றும் இருக்கிறது. அதனை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுத இயலாது.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்திற்கு அருகில், தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் கால்வாய் ஒன்றின் கரையில் உள்ளது. மேற்கே நோக்கினால் பொதிகை மலை நீலமாகத் தெரியும். தந்தையார் வெளியூரில் பணியாற்றியமையால் நான் ஆச்சியின் வீட்டில் வளர்ந்தேன். பாட்டியை ஆச்சி என்று அழைப்பது திருநெல்வேலிச் சீமையின் வழக்கம். என் ஆச்சி எழுத்தறியாதவர். ஆயினும் சமையலில் அவருக்கு நிகரானவர் அவ்வட்டாரத்தில் ஒரு சிலரே. திருமண வீடுகளில் மறுநாள் விருந்துக்குச் சொதி வைக்க வேண்டுமென்றால் ஆச்சிக்கே ஆள் வரும்.

சொதி என்பது தேங்காய்ப்பாலில் காய்கறிகளை வேகவைத்துச் செய்யும் குழம்பு. இதனைச் செய்வது எளிது என்று சொல்வோர் செய்து பார்த்திராதவரே ஆவர். துருவிய தேங்காயை அரைத்து, ஒரே துருவலிலிருந்து மூன்று முறை பால் பிழிவார் ஆச்சி. முதற்பால் நெய்போல் திண்மையாக இருக்கும். இரண்டாம் பால் அதனினும் மெலிந்தது. மூன்றாம் பால் ஏறக்குறைய நீரே. மூவகைப் பாலும் மூன்று பாத்திரங்களில் வரிசையாக நிற்கும். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட் ஆகியவற்றை நீர்த்த மூன்றாம் பாலில் முதலில் வேகவைப்பார். பின்னர் இரண்டாம் பாலும், குழைய வெந்த பாசிப்பருப்பும், இஞ்சியும் பச்சைமிளகாயும் சேர்த்து அரைத்த விழுதும் சேரும். எல்லாம் வெந்து அடங்கிய பிறகுதான் முதற்பாலின் முறை வரும். அப்போது ஆச்சி விறகை வெளியே இழுத்துத் தீயைத் தணித்துவிடுவார். என் கையில் அகப்பையைக் கொடுப்பார்.

“கொதிக்கவிடாதே ஐயா. ஓரத்தில் நுரை கூடும்போதே சொல்லிவிடு. கொதித்தால் திரிந்துபோகும்” என்பார்.

தேங்காய்ப்பாலில் உள்ள புரதம் மிகுந்த சூட்டில் இறுகிவிடுகிறது. கொழுப்புத் துளிகளைத் தன்னுள் பிடித்துவைக்கும் ஆற்றல் அதற்குப் போய்விடுகிறது. எண்ணெய் தனியே பிரிந்து மேலே மிதக்கிறது. இவ்விளக்கத்தை நான் அறிந்தது பல ஆண்டுகட்குப் பின்னரே. அடுப்பிலிருந்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்த பின்னரே ஆச்சி எலுமிச்சஞ்சாறு பிழிவதற்கும் இதுவே காரணம். புளிப்பும் பாலைத் திரியச் செய்யுமன்றோ? ஆச்சி இவற்றையெல்லாம் காரணம் கூறி விளக்கியவர் அல்லர். வரிசையையும் அளவையும் மாற்றாமல் செய்து காட்டினார். நான் அருகிலிருந்து பார்த்தேன். இன்றும் எங்கள் வீட்டில் சொதி என் பொறுப்பே.

ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் எங்கள் ஊருக்கு வெளியே ஒரு கூடாரக் கொட்டகை வந்து அமையும். திருச்சிராப்பள்ளியில் ரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், 1905ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்காட்சிக் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கொண்டு சென்று படம் காட்டினார். தமிழ்நாட்டில் ஊர் சுற்றும் படக்காட்சிக்கு வழிகாட்டியவர் அவர். அவ்வழியில் வந்தவற்றுள் ஒன்றுதான் எங்கள் ஊர்க் கொட்டகையும். மாலையில் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல் ஒலித்தால், சீட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். அப்பாடலைக் கேட்டதும் எங்கள் தெருவில் உலைகள் விரைந்து கொதிக்கும்.

உள்ளே தரையெல்லாம் ஆற்றுமணல். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வோம். முன்னால் இருப்பவன் தன் மேட்டை உயர்த்தினால் பின்னால் இருப்பவனும் உயர்த்த வேண்டும்; படம் தொடங்குமுன் மணற்போர் ஒன்று நடந்து முடியும். கொட்டகையில் படக்கருவி ஒன்றே இருந்தமையால் ஒவ்வொரு சுருள் முடியும்போதும் காட்சி நிற்கும். அவ்விடைவேளைகளில் நான் முறுக்கு வாங்க ஓடியதில்லை. கருவி இருக்கும் அறையின் வாயிலில் சென்று நிற்பேன். அங்கே அறுந்த படச்சுருளை வெட்டி ஒட்டும்போது விழும் துண்டுகளை எங்களுக்குக் கொடுப்பார்கள்.

அத்துண்டுகளே எங்கள் செல்வம். எரிந்துபோன மின்விளக்குக் குமிழின் அடியை மெல்ல உடைத்து, உள்ளிருக்கும் கம்பியை நீக்கி, நீரை நிரப்பினால் அது ஓர் உருப்பெருக்கி ஆகிவிடும். கதவின் துளைக்கு நேரே அதைக் கட்டி, முன்னால் படத்துண்டைப் பிடித்து, வெளியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் துளைக்குள் செலுத்தினால், உள்ளே தொங்கும் வேட்டியில் படம் தெரியும். தலைகீழாகத் தெரியாதிருக்கத் துண்டைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். ஒரு நொடியில் இருபத்து நான்கு படங்கள் கண்முன் ஓடுவதால்தான் திரையில் உருவங்கள் அசைகின்றன என்று, அக்கருவியை இயக்கியவர் ஒருநாள் எனக்குச் சொன்னார். என்னிடமிருந்ததோ ஒரே படம். ஒரு பெண் கதவருகே நிற்கும் படம். அவள் எதற்காக நிற்கிறாள், யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று நானே கதை கட்டிச் சொல்லுவேன். தெருப்பிள்ளைகள் வாய் திறந்து கேட்பார்கள். எழுத்து என்னும் நோய் என்னைப் பற்றியது அவ்விருட்டறையிலேதான்.

அவ்வாண்டு எங்கள் கொட்டகைக்குப் ‘பாசமலர்’ வந்தது. 1961இல் வெளியான படம் எங்கள் ஊரை எட்டச் சில ஆண்டுகள் ஆயின. அன்று நான் திரையைப் பார்த்ததைவிடக் கூட்டத்தைப் பார்த்ததே மிகுதி. பெண்கள் பக்கமெல்லாம் விம்மல். ஆண்கள் பக்கத்திலும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டவர் பலர். கேட்போரை அழவைக்கும் சொல்லே உயர்ந்த சொல் என்னும் முடிவுக்கு நான் வந்தேன். பதினொரு வயதில் ஒருவன் கொண்ட அம்முடிவு, நான்கு வீடுகளுக்கு அப்பால் வாழ்ந்த ஒரு பெண்மணிக்கு எவ்வளவு கேடாயிற்று என்பதை இனிக் கூறுவேன்.

அவரை நான் அத்தை என்று அழைப்பேன். உறவு முறையில் அல்ல, தெரு முறையில். அவருடைய கணவர், எனக்கு மாமா, கொழும்பில் புறக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். இரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை ஊருக்கு வருவார். அத்தைக்கு எழுதத் தெரியாது. தெருவில் அவரைப்போல் இன்னும் சிலர் இருந்தனர். பள்ளியில் என் கையெழுத்து நன்றாக இருந்தமையால், அவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு வாய்த்தது. ஊதியம் பொரிகடலையும் வெல்லமும்.

கடிதம் எழுதும்போது மனிதர்கள் பேசும் முறையே மாறிவிடும். கிணற்றடியில் உரக்கப் பேசும் அத்தை, என் எதிரே அமர்ந்து சொல்லத் தொடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஒரு தொடர் சொல்லுவார். பிறகு நெடுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியில் அவர் சொல்லாமல் விட்டவை யாவை என்று நான் எண்ணிப் பார்ப்பேன். எழுத விரும்பும் ஒருவனுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. ஆனால் அப்பயிற்சியில் ஓர் இடர் இருப்பதை நான் அறியவில்லை.

புரட்டாசி மாதத்தில் ஒருநாள் அத்தை சொன்னவை இவை: “நான்கு நாள் காய்ச்சலாக இருந்தது. இப்போது குணமாகிவிட்டது. கவலைப்பட வேண்டாம். கூரையில் இரண்டு ஓடு உடைந்திருக்கிறது; தை மாதம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பசு சினையாக இருக்கிறது.”

இச்செய்திகள் எனக்குச் சுவையற்றவையாகத் தோன்றின. பிரிந்திருக்கும் மனைவி கணவனுக்கு எழுதுவது ஓட்டைப் பற்றியும் மாட்டைப் பற்றியுமா? காய்ச்சலை மட்டும் வைத்துக்கொண்டேன். குணமாகிவிட்டது என்னும் சொல் கடிதத்தின் உருக்கத்தைக் கெடுக்கும் என்று கருதி அதனை விட்டுவிட்டேன். அவ்விடத்தில், “நாளுக்கு நாள் மெலிந்து வருகிறேன், எழுந்து நடக்கவும் வலிமையில்லை, தங்கள் முகத்தை இன்னொரு முறை காண்பேனோ என்பது ஐயமே” என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே கண்ணில் நீர் தளும்பிற்று. மிகவும் பெருமையாக இருந்தது. உறையை ஒட்டி நானே அஞ்சற்பெட்டியில் இட்டேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, விளக்கு வைக்கும் வேளையில், மாமா தெருவில் வந்து நின்றார். ஒரு கையில் தகரப்பெட்டி. மறு கையில் துணிமூட்டை. வாசல் தெளித்துக்கொண்டிருந்த அத்தை செம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். அவரை நலமோடு கண்டதும் மாமாவின் முகத்தில் முதலில் மகிழ்ச்சி தோன்றிற்று. பின்னர் அது மெல்ல மாறிற்று. தெருவார் கூடிவிட்டனர். அவர் திண்ணையில் அமர்ந்து, சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, எல்லாரும் கேட்க உரக்கப் படித்தார். தம் பெயரால் எழுதப்பட்ட கடிதத்தை அத்தை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்.

“இது நான் சொன்னதில்லை” என்றார்.

அவ்வளவுதான். என்னை அவர் ஏசவில்லை. ஆனால் எல்லாருடைய பார்வையும் என்மேல் விழுந்தது. மாமா சொன்னவற்றிலிருந்து நாங்கள் அறிந்தது இது: தீபாவளி விற்பனை நடக்கும் நேரத்தில் கணக்குப்பிள்ளைக்கு விடுப்புத் தர முதலாளி மறுத்துவிட்டார்; மனைவியின் உயிரினும் வேலை பெரிதன்று என்று இவர் புறப்பட்டுவிட்டார். அக்காலத்தில் இந்தியக் குடிமகன் ஒருவர் இலங்கையில் தங்கிப் பணிபுரிய அந்நாட்டு அரசின் அனுமதி வேண்டும். வேலையை இழந்தவர் மீண்டும் அனுமதி பெறுவது எளிதன்று. பதினான்கு ஆண்டுப் பணி என் மூன்று வரிகளால் முடிந்தது.

அன்றிரவு ஆச்சி அவர்கள் இருவருக்கும் எங்கள் வீட்டில் விருந்து வைத்தார். நெடுந்தொலைவிலிருந்து வந்தவர் என்று சொதி வைத்தார். எப்போதும்போல் அகப்பை என் கையில் இருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை. நுரை கூடியது தெரியவில்லை. கொதி வந்ததும் தெரியவில்லை. ஆச்சி திரும்பிப் பார்த்தபோது பால் திரிந்து எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. அவர் பாத்திரத்தை இறக்கிவைத்தார். “இனி இதை ஒன்றும் செய்ய முடியாது. பரிமாறத்தான் வேண்டும்” என்றார். பரிமாறினார். மாமா ஒன்றும் சொல்லாமல் உண்டார்.

அடுத்த மாதம், 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில், பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணி ரயில் கடலலையில் சிக்கி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட துறை சிதைந்தது. தனுஷ்கோடிக்கு ரயில் மீண்டும் ஓடவே இல்லை. மாமா வந்து இறங்கிய வழி அது. செய்தி கேட்ட தெருவார் சிலர் என்னிடம், “உன் கடிதமல்லவா அவரைக் காப்பாற்றிற்று!” என்று கூறத் தொடங்கினர். எனக்கு அது தேனாய் இனித்தது. சில நாள் அதனை நம்பவும் செய்தேன். ஆனால் கணக்குப் பார்த்தால் அது பொய். மாமா வர எண்ணியிருந்தது தை மாதம். புயல் அடித்தது மார்கழி முதல் வாரம். அவர் அந்த ரயிலில் இருந்திருக்க வழியே இல்லை. பிழை செய்தவனுக்கு ஊர் ஒரு சாக்கைத் தேடிக் கொடுத்தது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

பின்னாளில் சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத்தில் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைப் பார்த்தேன். 1955இல் வெளியான வங்காளப் படம் அது. அதில் பொருள்தேடி வெளியூர் சென்ற தந்தை நெடுநாள் கழித்து வீடு திரும்புகிறார். மகள் இறந்துபோனதை அவர் அறியார். அவளுக்கென்று வாங்கிவந்த சேலையை எடுத்து மனைவியிடம் நீட்டுகிறார். அந்தத் தாய் கதறி அழுகிறாள். ஆனால் அவளுடைய குரல் நமக்குக் கேட்பதில்லை. அதற்கு மாறாக ஒரு வாத்தியத்தின் ஒலி மட்டும் எழுகிறது. இருட்டில் அமர்ந்திருந்த எனக்கு எங்கள் தெருவும் தகரப்பெட்டியும் நினைவிற்கு வந்தன. எழுத்தில் எதைக் குறைக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தெரிந்தது. ராய் தம் இளமை நினைவுகளை ஒரு நூலாக எழுதியிருக்கிறார். சிறுவயதில் தம்மிடம் சுவரில் படம் காட்டும் மாயவிளக்கு ஒன்று இருந்ததை அதில் குறிப்பிடுகிறார். அதைப் படித்தபோது எங்கள் நீர்க்குமிழையும் வேட்டித் திரையையும் எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

மாக்சிம் கார்க்கியின் வரலாறும் இவ்விடத்தில் கூறத்தக்கது. 1868இல் பிறந்த அவர் இளமையில் வோல்கா ஆற்றின் கப்பலொன்றில் பாத்திரம் கழுவும் சிறுவனாக இருந்தார். அக்கப்பலின் சமையற்காரர் ஸ்மூரி என்பவர் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்தார். அவற்றை எடுத்து உரக்கப் படிக்கும்படி அச்சிறுவனுக்குக் கட்டளையிடுவார். கேட்டுக்கொண்டே கண்ணீர் விடுவார். அடுப்படியில் நூல் படித்த அதே கார்க்கி, 1896இல் நிழ்னி நோவ்கொரொட் நகருக்கு லூமியேர் உடன்பிறந்தாரின் அசையும் படங்கள் வந்தபோது, அவற்றைப் பார்த்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதினார். ஓசையும் நிறமும் இல்லாத அவ்வுலகை நிழல்களின் அரசு என்று அவர் வருணித்தார். சமையற்கட்டும் எழுத்தும் படக்காட்சியும் ஒருவர் வாழ்வில் கூடுவது புதுமையன்று என்று அறிந்து எனக்கு ஆறுதலாக இருந்தது. ஸ்மூரியைப்போல் ஒருவர் அருகிலிருந்து, நான் எழுதியதை உரக்கப் படி என்று சொல்லியிருந்தால், அந்தப் புரட்டாசிக் கடிதம் அஞ்சற்பெட்டிக்குச் சென்றிராது.

மாமா 1965 சித்திரையில் சென்னைக்குச் சென்றார். கொத்தவால் சாவடியில் ஒரு கடையில் முன்னையினும் குறைந்த ஊதியத்திற்கு வேலை கிடைத்தது. மீண்டும் கடிதம் எழுத வேண்டிய நிலை வந்தது. தெருவில் வேறு பிள்ளைகளும் எழுதத் தெரிந்தவர்களே. அத்தை அவர்களிடம் போய்விடுவார் என்று நான் எண்ணியிருந்தேன். ஒருநாள் மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிலேட்டு இருந்தது. அதை என் முன்னால் வைத்தார்.

“எனக்குச் சொல்லிக் கொடு” என்றார்.

அவருக்கு அப்போது முப்பது வயதிற்கு மேலிருக்கும். அகரவரிசை வேண்டாம் என்றார். முதலில் ‘சுகம்’ என்று எழுத வேண்டும் என்றார். ‘சு’ அவருக்கு எளிதில் வரவில்லை. அதன் சுழிப்பில் குச்சி வழுக்கி ஓடிவிடும். அழித்துவிட்டு மீண்டும் எழுதுவார். நாள்தோறும் விளக்கு வைத்த பின், ஆச்சி அடுப்படியில் வேலை செய்துகொண்டிருக்க, நாங்கள் இருவரும் அதன் வாயிலில் அமர்ந்து எழுதுவோம். ஆறு திங்கள் இவ்வாறு சென்றன. அதுவரை அவர் சொல்லிய கடிதங்களை நான்தான் எழுதினேன். ஒவ்வொன்றையும் ஒட்டுமுன் இருமுறை படித்துக் காட்டச் சொல்லுவார். நான் படிக்கும்போது அவர் கண் தாளின்மேல் என் விரலோடு நகரும்.

கார்த்திகை மாதத்தில் அவரே தம் கையால் ஓர் அஞ்சலட்டை எழுதினார். எழுத்துகள் பெரியனவும் சிறியனவுமாக இருந்தன. இரண்டு இடங்களில் பிழை இருந்தது. திருத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு அவரே அதை எனக்குப் படித்துக் காட்டினார்:

“நான் சுகம். ஓடு மாற்றியாயிற்று. கன்று புல் தின்கிறது. இது நான் எழுதியது.”